‘நினைவில்லை, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார்’ – இந்த ஒற்றை வரி போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுயநினைவு இழந்த ஒருவரைச் சிறிய மருத்துவமனையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, கூடவே வரும் சீட்டில் பல நேரம் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: நினைவில்லை, மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறார். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், ரத்தச் சர்க்கரை எவ்வளவு, கண்மணிகள் எப்படி இருந்தன, வலி கொடுத்தபோது கைகால்களை எப்படி அசைத்தார், என்னென்ன ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது ஆகிய ஐந்தும் அதில் இருப்பதில்லை. கோமா நோயாளியின் சிகிச்சை எந்தத் திசையில் போக வேண்டும் என்பதை இந்த ஐந்து விவரங்கள்தான் தீர்மானிக்கின்றன. இவற்றை எழுதப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு குளுக்கோமீட்டர், ஒரு டார்ச், ஐந்து நிமிட நேரம் போதும். பொதுமக்களும் சிறு மருத்துவமனைகளில் பணிபுரிவோரும் அறிந்துகொள்ளும் வகையில் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

மனிதர் விழித்திருப்பதற்கு இரண்டு பகுதிகள் ஒழுங்காக இயங்க வேண்டும். ஒன்று, மூளைத்தண்டின் மேல்பகுதியிலிருந்து மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் வரை செல்லும் விழிப்பு நரம்புப் பின்னல். மற்றது, பெருமூளையின் இரண்டு பாதிகள். பெருமூளையின் ஒரு பாதி மட்டும் கெட்டால் பக்கவாதம் வரும், பேச்சு போகும். கோமா வராது. அந்தப் பக்கம் வீங்கி, நடுக்கோட்டைத் தள்ளி, மூளைத்தண்டை நசுக்கத் தொடங்கினால்தான் நினைவு தவறும். எனவே, ஒரு பக்கக் கைகால் விழுந்த நோயாளி ஆழ்ந்த மயக்கத்திலும் இருந்தால் ‘ஸ்ட்ரோக்தான்’ என்று ஓய்ந்துவிடக் கூடாது. மூளை நசுங்குகிறதா, வலிப்பு ஓடுகிறதா, சர்க்கரை குறைந்திருக்கிறதா என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

கோமாவுக்குக் காரணங்கள் நூற்றுக்கு மேல் இருந்தாலும் அவை இரண்டு வகைக்குள் அடங்கும். ரத்தக் கசிவு, அடைப்பு, கட்டி, அடிபட்ட வீக்கம் என்று மூளையின் அமைப்பே கெட்டிருப்பது ஒரு வகை. மூளை முழுதாக இருந்தும் அதற்குச் செல்லும் ரத்தம் கெட்டிருப்பது மற்றொரு வகை: சர்க்கரைக் குறைவு, சோடியம் குறைவு, சிறுநீரகம் அல்லது ஈரல் செயலிழப்பு, ஆக்சிஜன் குறைவு, கரியமில வாயு தேக்கம், நஞ்சு, அதிக அளவு மாத்திரை. இரண்டாம் வகையில் சி.டி. ஸ்கேன் பெரும்பாலும் நார்மலாகவே வரும். ‘ஸ்கேன்ல ஒண்ணுமில்லைனு சொல்லிட்டாங்க’ என்று குடும்பத்தார் நிம்மதி அடைகிறார்கள். உண்மையில் தேட வேண்டிய வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அதில் நல்ல செய்தியும் உண்டு. இந்த இரண்டாம் வகையில் பல காரணங்கள் முழுமையாகக் குணமாகக் கூடியவை. நேரம் கடந்துவிட்டால் மட்டும் அந்த வாய்ப்பு போய்விடும்.

சர்க்கரையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரைக் குறைப்பு மாத்திரைகளைச் சாப்பிடும் முதியவருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு நின்றாலும் மாத்திரை நிற்பதில்லை. சிறுநீரகமும் கொஞ்சம் பழுதாகியிருந்தால் மருந்து உடலில் தேங்குகிறது. விடியற்காலையில் அவர் எழுந்திருக்கமாட்டார். சில நேரம் ஒரு பக்கக் கைகால் மட்டும் விழுந்து, அசல் பக்கவாதம்போலவே தோன்றும். எனவே நினைவில்லாத எவருக்கும், சர்க்கரை நோயாளி என்று தெரியாவிட்டாலும், முதல் பரிசோதனை விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம். குறைந்திருந்தால் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி. நரம்பு வழியே கொடுக்க வேண்டும். 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர், பல நாள் பட்டினி கிடந்தவர் என்றால் தயமின் (வைட்டமின் பி1) ஊசியையும் சேர்த்தே போட வேண்டும். தயமின் குறைந்த உடலில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் வேறொரு மூளைப் பாதிப்பு தூண்டப்படலாம்.

தவறு நடப்பது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். நோயாளி கண் விழித்துப் பேசியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஊசியில் ஏற்றிய குளுக்கோஸ் விரைவில் தீர்ந்துவிடும். மாத்திரையின் வேகமோ ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். அன்றிரவே மறுபடி சர்க்கரை இறங்கும். இந்த முறை எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இந்த வகை மாத்திரையால் சர்க்கரை இறங்கியவரைக் குறைந்தது 24 மணி நேரமாவது மருத்துவமனையில் வைத்து, அடிக்கடி சர்க்கரை பார்த்து, தேவையானால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும்.

சோடியம் குறைவும் முதியோரிடம் மிகுதி. ரத்த அழுத்தத்துக்காகத் தயசைடு வகை நீர்மாத்திரை எடுப்பவர்கள் மெல்ல மெல்லக் குழம்பி, பிறகு வலிப்பு வந்து நினைவிழப்பார்கள். 3 சதவீத உப்புக் கரைசல் 100 முதல் 150 மி.லி. வரை கொடுத்தால் ஆபத்துக் கட்டம் தணியும். ஆனால் 24 மணி நேரத்தில் ரத்தச் சோடியத்தை 8 முதல் 10 அலகுக்கு (மி.மோல்/லி.) மேல் ஏற்றிவிடக் கூடாது. அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டின் நரம்பு உறைகள் கரைந்து, நோயாளி கைகால் அசையாமல் படுத்துவிட நேரும்.

நஞ்சு என்றால் நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது பூச்சிமருந்து. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்தைக் குடித்தவருக்குக் கண்மணிகள் குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். வாயில் எச்சில் வழியும், வியர்க்கும், நெஞ்சில் கரகரவென்று சளிச்சத்தம் கேட்கும், நாடித்துடிப்பு குறையும். அட்ரோபின் 1.8 முதல் 3 மி.கி. வரை தொடங்கி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்துக்கொண்டே போய், நெஞ்சுச் சத்தம் தெளிந்து நாடித்துடிப்பு 80-ஐத் தாண்டும்வரை கொடுக்க வேண்டும். கண்மணி விரிவதை மட்டும் இலக்காக வைத்துக்கொண்டால் அளவு தவறும். தேறிவிட்டார் என்று நினைத்த நோயாளிக்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கக்கூடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லித் தினமும் பார்த்தாலே இதை முன்கூட்டிக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, மருத்துவர்களையே ஏமாற்றக்கூடிய கட்டுவிரியன் கடி. தரையில் படுத்துத் தூங்குபவரை இரவில் கடிக்கும். வலி இராது, வீக்கம் இராது, பல் பதிந்த தடமும் பல நேரம் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, இமை தொங்கல், பிறகு பேச முடியாமை, கடைசியில் மூச்சுத் தசைகள் நின்றுபோதல். மருத்துவமனைக்கு வரும்போது அவர் ஆழ்ந்த கோமாவில் இருப்பதுபோலவே காணப்படுவார். கண் திறக்காது, வலிக்கு அசைவில்லை, கண்மணிகள் விரிந்து வெளிச்சத்துக்கும் சுருங்காமல் இருக்கும். மூளைச்சாவு என்றே தோன்றும். ஆனால் மூளை விழித்திருக்கிறது; நஞ்சு கட்டிப்போட்டிருப்பது தசைகளைத்தான். சுற்றிப் பேசுவதெல்லாம் அவர் காதில் விழலாம், வலியும் தெரியும். முதலில் பத்து குப்பி விஷமுறிவு மருந்து. முடங்கிவிட்ட நரம்பு முனைகளை அது உடனே மீட்டுவிடாது. வென்டிலேட்டரில் பல நாட்கள் பொறுத்திருந்தால் நோயாளி எழுந்து நடந்தே வீட்டுக்குப் போக முடியும். காரணம் தெரியாத மயக்கத்தோடு காலையில் கொண்டுவரப்படும் கிராமத்து நோயாளியின் உறவினரிடம் ‘ராத்திரி எங்கே படுத்திருந்தார்?’ என்று கட்டாயம் கேட்க வேண்டும். அந்தப் பதிலையும் சீட்டில் எழுத வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட மெத்தனால் கலந்த சாராயம் வேறொரு பாடத்தைத் தந்தது. மெத்தனால் குடித்த உடனே கொல்வதில்லை. ஈரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்ற மணிக்கணக்காகும். குடித்து அரை நாள், ஒரு நாள் கழித்துத்தான் பார்வை மங்கல், வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, பிறகு கோமா. ‘நேத்துதானே குடிச்சான், இன்னிக்கு என்ன?’ என்று யாரும் விட்டுவிடக் கூடாது. பைகார்பனேட், மெத்தனால் அமிலமாக மாறுவதைத் தடுக்கும் மருந்து, டயாலிசிஸ் என்று சிகிச்சை உண்டு. நேரம்தான் எல்லாம்.

இனி, நோயாளியைப் பரிசோதிக்கும் முறைக்கு வருவோம். 1974-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு நரம்பியல் அறுவை மருத்துவர்கள் வகுத்த ‘கிளாஸ்கோ கோமா அளவுகோல்’தான் (ஜி.சி.எஸ்.) இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. மொத்தம் 15, மிகக் குறைந்தது 3. பலரும் ‘ஜி.சி.எஸ். 7’ என்று கூட்டுத்தொகையை மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். அது பயன்படாது. கண் 1, பேச்சு 1, அசைவு 5 என்றாலும் 7 தான். கண் 4, பேச்சு 1, அசைவு 2 என்றாலும் 7 தான். முன்னவர் வலிக்கும் இடத்தைக் கையால் தேடித் தள்ளுகிறார். பின்னவர் கண் திறந்திருந்தும் கைகால்களை விறைத்து நீட்டுகிறார். இரண்டும் முற்றிலும் வேறு நிலை. மூன்று எண்களையும் தனித்தனியே எழுத வேண்டும். தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சுக்கு 1 போடாமல் ‘குழாய்’ என்றே குறிக்க வேண்டும். முகம் வீங்கிக் கண் மூடியிருந்தால் அதையும் அப்படியே. குழாய் போட்ட நோயாளிக்கு, மூளைத்தண்டு அனிச்சைகளையும் மூச்சையும் சேர்த்துப் பார்க்கும் 16 மதிப்பெண் ‘ஃபோர்’ அளவுகோல் இன்னும் தெளிவாகச் சொல்லும்.

வலி கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. முதலில் கூப்பிட வேண்டும், பிறகு உரக்க, பிறகு தோளைத் தட்டி. அதற்கும் பதில் இல்லாவிட்டால் விரல் நகத்தின் மேல் பேனாவை வைத்து அழுத்துவது, கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலுள்ள தசையைக் கிள்ளுவது, புருவத்தின் உட்பக்கப் பள்ளத்தில் பெருவிரலால் அழுத்துவது. பத்து விநாடிவரை அழுத்தத்தை மெல்லக் கூட்டிப் பார்க்கலாம். முக எலும்பு உடைந்தவருக்குப் புருவத்தில் அழுத்தக் கூடாது. மார்பெலும்பை முஷ்டியால் தேய்ப்பதும் மார்க்காம்பைத் திருகுவதும் காயத்தை மட்டுமே மிச்சம் வைக்கும். விட்டுவிட வேண்டிய பழக்கங்கள். இரு பக்கமும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தள்ளுகிறார், மறுபக்கம் அசைவே இல்லை என்றால் மூளையின் அமைப்பில் பழுது இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். காலில் மட்டும் வலி கொடுத்து, கால் மடங்குவதைக் கண்டு மூளை வேலை செய்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தண்டுவடமே அந்த அசைவைத் தரும்.

கண்மணிகளை நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சால், அறையைச் சற்று இருட்டாக்கிப் பார்க்க வேண்டும். மங்கிய செல்போன் வெளிச்சத்தில் பார்த்து ‘சுருங்கவில்லை’ என்று எழுதுவது பெரிய தவறுக்கு வழிவகுக்கும். அளவை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். ஒரு பக்கக் கண்மணி விரிந்து சுருங்க மறுத்தால், அந்தப் பக்கத்து மூளை கீழிறங்கி, கண்மணியைச் சுருக்கும் மூன்றாம் மூளை நரம்பை நசுக்குகிறது என்று கொள்ள வேண்டும். அப்போது நிமிடங்கள்தான் கணக்கு. தலையை 30 பாகை உயர்த்தி, மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் அல்லது அடர்த்தியான உப்புக் கரைசல் கொடுத்துக்கொண்டே அறுவை மருத்துவரை அழைக்க வேண்டும். இரண்டும் குண்டூசி முனைபோல இருந்தால் பூச்சிமருந்து, அபின் வகை மருந்து, அல்லது மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ரத்தக் கசிவு. நடுத்தர அளவில் நின்று அசையாவிட்டால் நடுமூளைப் பாதிப்பு. சர்க்கரை, உப்புக் கோளாறுகளில் கோமா எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கண்மணி பெரும்பாலும் வெளிச்சத்துக்குச் சுருங்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கண்புரை அறுவை செய்த கண்ணில் கண்மணி கோணலாகவும் அசையாமலும் இருப்பது உண்டு. ‘கண் ஆபரேஷன் செய்திருக்கிறாரா?’ என்ற ஒரு கேள்வி வீண் பதற்றத்தைத் தவிர்க்கும்.

தலையை இடவலமாகத் திருப்பும்போது கண்கள் எதிர்ப்பக்கம் உருண்டால் மூளைத்தண்டு உயிரோடு இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கும், விழுந்து கிடந்ததாகச் சொல்லப்படுபவருக்கும், கழுத்தெலும்பு முறியவில்லை என்று உறுதியாகும்வரை இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அவர்களுக்கு ஐஸ் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது. காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா, செவிப்பறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தலைமாட்டை 30 பாகை உயர்த்தி, ஒரு காதில் 50 மி.லி. ஐஸ் தண்ணீரை ஒரு நிமிடத்தில் செலுத்தினால், மூளைத்தண்டு நன்றாக இருக்கும் கோமா நோயாளியின் கண்கள் அந்தக் காதுப் பக்கமாக மெல்ல நகரும். ஐந்து நிமிடம் விட்டு மறு காதில் செய்ய வேண்டும். கண்கள் மேலும் கீழும் மட்டும் அசைந்து, ‘மேலே பாருங்கள்’ என்று சொன்னதும் பார்த்தால் அது கோமாவே அல்ல. பான்ஸ் அடைபட்டு, முழு நினைவோடு உடலுக்குள் சிறைப்பட்டவர் அவர். ஊசி போடும் முன்னும் வீட்டாரிடம் கெட்ட செய்தி பேசும் முன்னும் இந்த ஒரு வரியை எல்லோரும் ஒருமுறையாவது கேட்டுவிட வேண்டும்.

மூச்சின் போக்கையும் ஒரு நிமிடம் நின்று கவனிக்கலாம். ஆழமான, வேகமான மூச்சு ரத்தத்தில் அமிலம் கூடியதைச் சொல்லும். ஒழுங்கே இல்லாமல் தத்தளிக்கும் மூச்சு, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் தோற்கத் தொடங்கியதைச் சொல்லும்.

எங்களை மிகவும் வருத்துவது ஐந்தாவது விவரம், அதாவது எந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்பது. ஆம்புலன்ஸில் ஏற்றும் முன் மிடாசோலம் (மயக்கம் தருவது), வெக்குரோனியம் (தசைகளைத் தளர்த்துவது) போன்ற ஊசிகள் போட்டுக் குழாய் வைக்கிறார்கள். மூச்சுப்பாதையைக் காக்க அது அவசியம், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு முன் இரண்டு நிமிடம் செலவிட்டு ஜி.சி.எஸ்., கண்மணி, கைகால் அசைவு ஆகிய மூன்றையும் எழுதாவிட்டால், அடுத்த மருத்துவமனையில் பார்ப்பவர் மருந்தின் மயக்கத்தைப் பார்க்கிறாரா, மூளையின் மயக்கத்தைப் பார்க்கிறாரா என்று சொல்லவே முடியாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மிடாசோலத்தின் மயக்கம் நாட்கணக்கில்கூடத் தங்கும்.

ஸ்கேன் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. விபத்து, திடீர்த் தலைவலியோடு மயக்கம், ஒரு பக்கச் செயலிழப்பு என்றால் உடனே எடுக்க வேண்டும். பைக்கிலிருந்து விழுந்து, நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரத்தில் வாந்தி எடுத்து நினைவிழப்பவருக்கு மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருக்கலாம். உரிய நேரத்தில் எடுத்துவிட்டால் முழுதும் தேறுவார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர் சில வாரங்களுக்கு முன் குளியலறையில் லேசாக விழுந்ததைக்கூட மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் சாதாரண சி.டி. சிலவற்றைத் தவறவிடும். மூளைத்தண்டுக்குப் போகும் பேசிலார் தமனி அடைப்பு அதில் ஒன்று. பிரசவித்த பெண்களுக்கு மூளைச் சிரையில் ரத்தம் உறைவது மற்றொன்று. பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கும் வீடுகளில், தாய்க்குத் தலைவலியோடு வலிப்பு வந்தால் ‘ஜன்னி’ என்று காத்திருக்கக் கூடாது. ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன் தேவை. வெளியே தெரியாமல் மூளைக்குள் மட்டும் ஓடும் வலிப்பை எந்த ஸ்கேனும் காட்டாது, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி.தான் காட்டும். காய்ச்சலோடு மயக்கம், கழுத்து விறைப்பு என்றால் ஸ்கேனுக்கோ முதுகுத் தண்டுநீருக்கோ காத்திராமல் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸாக 2 கிராமைப் போட்டுவிட்டே அனுப்ப வேண்டும். ரத்தமாதிரியை மட்டும் முன்னால் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டார் செய்ய வேண்டியவை சிலவே. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர், சர்க்கரை, காபி எதையும் ஊற்ற வேண்டாம், நுரையீரலுக்குப் போய்விடும். அடிபடவில்லை என்றால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், காலி அட்டைகளையும், அருகே கிடந்த பாட்டிலையும் பையில் போட்டு எடுத்து வாருங்கள். தற்கொலை முயற்சி என்றால் மானத்துக்கு அஞ்சி மறைக்காதீர்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் முறிவு மருந்து கொடுக்க முடியும். கடைசியாக அவர் சரியாக இருந்ததை யார், எத்தனை மணிக்குப் பார்த்தார்களோ அவரும் கூடவே வரட்டும்.

பிழைப்பாரா என்ற கேள்விக்கும் இந்தப் பதிவுகள்தான் அடிப்படை. இதயம் நின்று மீட்கப்பட்டவருக்கு, மயக்க மருந்து நிறுத்தப்பட்டு உடல் வெப்பம் சீரான பிறகு குறைந்தது 72 மணி நேரம் கழியாமல் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது. சில வாரங்களில் நோயாளி கண் திறப்பார். ஆனால் கண் திறப்பு என்பது மூளைத்தண்டு தேறியதன் அடையாளம் மட்டுமே. பார்வையால் பின்தொடர்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்த பிறகே நினைவு வந்தது என்று சொல்லலாம். மூளைச்சாவு இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து, மூச்சு நிறுத்தச் சோதனையும் செய்து கையெழுத்திட வேண்டும். மயக்க மருந்து, குளிர்ந்த உடல், நஞ்சு, பாம்புக்கடி எதுவும் குறுக்கே இல்லை என்று உறுதியான பின்னரே அந்தச் சோதனையைத் தொடங்கவே முடியும். ஐந்து விவரங்கள் இல்லாத சீட்டு இந்த உறுதியையும் தாமதப்படுத்துகிறது.

சுகாதாரத் துறைக்கு எங்கள் கோரிக்கை ஒன்றுதான். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் சீட்டிலேயே அரைப் பக்கத்தில் அச்சிட்ட ஒரு கட்டம் வேண்டும்: கடைசியாக நலமாகக் காணப்பட்ட நேரம், ரத்தச் சர்க்கரையும் அளந்த நேரமும், ஜி.சி.எஸ். மூன்று எண்களாக, கண்மணி இருபுறமும் மி.மீ. அளவில், வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பது. கைகால் அசைவு இருபுறமும். கொடுத்த மருந்து, அளவு, மணி. வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள். ஆரம்ப சுகாதார நிலையம், தனியார் மருத்துவமனை, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதே கட்டம். ஆம்புலன்ஸில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கண்மணியையும் ஜி.சி.எஸ்.ஸையும் மறுபடி எழுத அதில் நான்கைந்து வரிகள் காலியாக விடப்பட வேண்டும். அதை நிரப்பும் பொறுப்பும் பயிற்சியும் செவிலியர்களுக்கும் ஆம்புலன்ஸ் உதவியாளர்களுக்கும் தரப்பட வேண்டும். மருத்துவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டிய வேலை அல்ல இது.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களும் செவிலியர்களும்,
மதுரை.